மேலக்காவின் கேபிள்

மூன்றாவது தடவையாக அக்காவின் கேபிளை உருவி, முனையில் ஊதி, மறுபடி சொருகினாள் இளையவள். போனில் சார்ஜ் ஏறுகிற சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் மட்டும் ஊமைக் கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தது. 'டிங்' என்று ஒரு சத்தம் கிடையாது, திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பவில்லை. அப்படி ஒரு போன் உலகத்திலேயே இல்லை என்பது அதன் கட்சி.

"இன்னுமா அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கே?"

அறை வாசலில் அண்ணன் நின்றார். கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பிரேம். "ரெண்டு மணிக்குள்ள படம் கைக்கு வரணும்னு ஸ்டுடியோக்காரன் கறாராச் சொல்லிட்டான். நாலு மணிக்குத் தகன மண்டபம். இப்பவே மணி பன்னிரண்டரை."

"தெரியும்ணா."

"இதையே கொடுத்துடலாம்மா. இதுல என்ன குறை? லட்சணமா இருக்கா."

தாளைப் பிரித்துக் காட்டினார். அக்காவின் கல்யாணப் படம், இருபத்தைந்து வருஷப் பழசு. பக்கத்தில் நின்ற ஆளைக் கத்தரித்து எறிந்தாயிற்று. ஆனால் கத்தரிக்கோலுக்குத் தப்பி, அவனுடைய நாலு விரல்கள் மட்டும் அக்காவின் தோளில் உட்கார்ந்திருந்தன. அக்கா தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரலை எடுத்துடுவாங்களாம். கேட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

இளையவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ எந்தப் படம் வைக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. அது இந்தப் போன்ல இருக்கு. அதைத்தான் வைக்கப்போறோம்."

"சொன்னா சொன்னா. விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். போன மாதம் இளையவள் வீட்டுக்கு வந்து போனில் பாட்டு ஏற்றிக்கொண்டு போனபோது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். 'ஏய், கிரேன் மேல ஒரு படம் எடுத்து வச்சிருக்கேன். இப்பக் காட்ட மாட்டேன். நான் போய்ச் சேர்ந்தா அதைத்தான் வைக்கணும், ஆமா. வேற எதையாவது வச்சீங்க, எந்திரிச்சு வந்து உதைப்பேன்.' சிரித்துக்கொண்டே சொன்னாள்தான். அதற்காக அது விளையாட்டாகிவிடுமா?

நேற்றுக் காலை ஏழு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பியவள், தான் குடியிருந்த இந்தக் கட்டடத்துப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தொரு வயது. கையிலிருந்த போன் நாலு படி உருண்டு திரை செத்துப்போனது. உள்ளே உயிர் இருந்தது. தடவினால் அதிர்கிறது, கூப்பிட்டால் மணி அடிக்கிறது, கண்ணுக்கு மட்டும் எல்லாம் கறுப்பு.

கறுப்பானால் என்ன? இளையவளுக்கு இதுதான் பிழைப்பே. கம்ப்யூட்டர் உதவி மையத்தில் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க முகம் தெரியாத ஆட்களிடம் 'அணைச்சுட்டு மறுபடி போடுங்க சார்' என்று பாடுகிறவள். அக்கா போனைத் திறக்கும் கோடு அவளுக்குத் தெரியும். மேலிருந்து கீழே மூன்று புள்ளி, அப்படியே வலப்பக்கம் இரண்டு. இருட்டுத் திரையில் விரலாலேயே வரைந்து பூட்டைத் திறந்துவிட்டாள். சொருகியதும் படமும் பாட்டும் கம்ப்யூட்டருக்குத் தெரிகிற மாதிரி அமைப்பையும் போன மாதம் அவளேதான் மாற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் வீட்டில் மளமளவென்று வேலை செய்த போன் இது. இன்றைக்கு என்ன கேடு வந்தது?

அணைத்துப் போட்டாள். வேறு துளையில் சொருகினாள். போனுக்கான பழைய டிரைவர் மென்பொருளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாய் ஏற்றினாள். வீட்டில் வேறு கேபிளும் இல்லை. வந்திருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் புது மாடல் போன், அதன் வாயே வேறு. இளையவளின் சொந்தக் கேபிளோ இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால், அவள் வீட்டு மேஜையில். சார்ஜ் ஏறினால் கேபிள் நல்ல கேபிள் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அதனால் அந்தப் பக்கம் புத்தியே போகவில்லை.

ஒரு மணிக்கு யார்டிலிருந்து ஃபிட்டர் வந்தார். அக்கா கிரேன் ஓட்டிய சரக்குப் பெட்டக யார்டில் இருபது வருஷமாகக் கூட வேலை பார்த்தவர். நாற்பது மீட்டர் உயரத்துக் கேபினில் உட்கார்ந்திருப்பதால் அங்கே அவளுக்கு மேலக்கா என்று பேர். அண்ணனிடம் இரண்டு வார்த்தை துக்கம் விசாரித்துவிட்டு, அறைக்குள் எட்டிப் பார்த்தார். மேஜையில் கிடந்த கேபிளில் அவர் கண் நின்றது.

"அந்தக் கேபிள்ல என்னம்மா பண்றீங்க?"

"படம் எடுக்கணும்ணே. கம்ப்யூட்டர் போனைக் கண்டுக்கவே மாட்டேங்குது."

"எப்படிக் கண்டுக்கும்? அதுக்குத்தானே மேலக்கா அதை வெட்டினாங்க!"

"வெட்டினாளா?"

ஃபிட்டர் கேபிளை எடுத்து, போன் முனைக்குப் பக்கத்தில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைக் காட்டினார். பிய்ந்துபோன இடத்தில் ஒட்டியிருக்கிறாள் என்றுதான் இளையவள் நினைத்திருந்தாள். "மேல கேபின்ல சார்ஜ் போட வேற இடம் கிடையாதும்மா. எடை காட்டுற கம்ப்யூட்டர்லதான் சொருகணும். சொருகினா ஆபீஸ்ல தெரிஞ்சுடும், உடனே மெமோ. பன்னிரண்டு மணி நேரம் மேல தனியா உட்கார்ந்திருக்கிறவ போன்ல சார்ஜ் இல்லாம செத்தா யாருக்குத் தெரியும்னு மேலாளர்கிட்ட கேட்டாங்க. அந்த ஆள் சட்டம் பேசினான். மறுநாளே உள்ள இருந்த நாலு கம்பியில ரெண்டை வெட்டிட்டாங்க. கரண்ட் போகும், சேதி போகாது. போன் பாட்டுக்கு வயிறு நிறைய சாப்பிடும், கம்ப்யூட்டருக்கு மூச்சுக்கூடக் கேட்காது. இப்ப யார்டு மொத்தமும் இந்தக் கேபிள்தான். என் பையில இருக்கறதும் இதே ஜாதி."

இளையவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சாவு வீடு என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அடிப்பாவி! காலையிலிருந்து உன்னோடா மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்?

"ஒட்ட வச்சுடலாமாண்ணே?"

"கத்தி ஒண்ணு கொடுங்க."

சமையலறைக் கத்தியால் டேப்பைக் கீறினார். பச்சை, வெள்ளை, இரண்டு கம்பியும் வெட்டுப்பட்டுச் சுருண்டு கிடந்தன. நுனியைச் சுரண்டி, பச்சையைப் பச்சையோடும் வெள்ளையை வெள்ளையோடும் முறுக்கினார். ஒன்றோடொன்று படாமலிருக்க, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைச் சுற்றினாள் இளையவள். சொருகி, இருட்டில் கோட்டை வரைந்தாள்.

டிங்.

"வந்துடுச்சா? சரிம்மா, நான் போய் நம்ம ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு நேரா மண்டபத்துக்கு வந்துடறேன்" என்று ஃபிட்டர் படியிறங்கிப் போனார்.

நானூறு படம் இருந்தது. மேகம், மேகம், பெட்டகங்களுக்குப் பின்னால் சூரியன், மறுபடி மேகம். கீழே, கீழே என்று போய் ஒன்றில் நின்றாள். ஒட்ட வெட்டிய தலைமுடி, மஞ்சள் ஹெல்மெட், பின்னால் வெறும் வானம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை முழுசாக, அடிநாக்கு தெரிகிற அளவுக்கு வெளியே நீட்டியிருந்தாள் அக்கா.

அண்ணன் பின்னால் வந்து நின்று பார்த்தார். "இதுவா? வேற படமே இல்லையா?"

"இருக்கு. எல்லாம் மேகம்."

"வேண்டாம்மா. நாலு பேர் வர்ற இடம். சம்பந்தி வர்றாரு. சாவு வீட்டுல நாக்கை நீட்டிக்கிட்டு நின்னா என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும்."

"என் மானம் போகுது."

"போகட்டும்ணா!" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அன்னிக்கு அடி தாங்காம வந்தவளை, மானம் போகுதுன்னு அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினீங்க. மூணு தடவை அனுப்பினீங்க. நாலாவது தடவை அவ நம்ம வீட்டுக்கே வரலை, நேரா வேலைக்குப் போயிட்டா. இன்னிக்கு மறுபடியும் அங்கேயே அனுப்பப் பார்க்கிறீங்க. நான் இருக்கிறவரைக்கும் நடக்காது."

அண்ணன் பிரேமைத் தாளில் சுற்றினார். "ஸ்டுடியோ நம்பர் சுவர்ல ஒட்டியிருக்கு. நீயே பேசிக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நாலு மணிக்கு மண்டபத்தில், சவப்பெட்டியின் தலைமாட்டில், ஆள் உயரத்துக்கு நின்றது அந்தப் படம். வந்தவர்கள் எல்லாரும் முதலில் படத்தைப் பார்த்தார்கள், அப்புறம் காலைப் பார்த்துக்கொண்டார்கள். சித்தி மட்டும் இளையவளின் காதோரம் வந்து, "கொஞ்ச நேரம் திருப்பி வையேன்டி, கண்ணராவியா இருக்கு" என்றாள்.

"திருப்புறவங்க கையை உடைப்பேன் சித்தி."

அதற்குள் யார்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். பாதி ஷிஃப்டில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆரஞ்சு மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல், பதினைந்து பேர் இருக்கும். முதல் ஆளாக ஃபிட்டர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, அறுபது வயது மனுஷன், நாக்கை நீட்டினார்.

அடுத்தவன் வந்து நீட்டினான். அதற்கடுத்த பெண்ணும் நீட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிய, ஒவ்வொருவராக வந்து நீட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

"என்ன இது?" என்று கேட்டார் அண்ணன்.

ஃபிட்டர் மெதுவாகச் சொன்னார். "தினம் காலையில மேல ஏறினதும் கேபின் கண்ணாடி வழியா எங்களைப் பார்த்து நாக்கை நீட்டுவாங்க சார். கீழ நிக்கிற அத்தனை பேரும் பதிலுக்கு நீட்டணும். ஒருத்தன் நீட்டலைன்னாலும் சரி, கொக்கியைக் கீழ இறக்க மாட்டாங்க. எவ்வளவு நேரமானாலும் அப்படியே அந்தரத்துல நிக்கும்."

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி இருக்கும் பக்கம் ஒரு தடவை திரும்பினார். அப்புறம் கைக்குட்டையை வாய்க்கு மறைவாக வைத்துக்கொண்டு, நாக்கின் நுனியை மட்டும் நீட்டினார்.

மண்டபத்து ஊழியர் சுவரிலிருந்த பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதை அழுத்தினால் மேடை பெட்டியோடு கீழே எரியூட்டும் அறைக்கு இறங்கிவிடும். "எல்லாரும் பார்த்தாச்சா? இறக்கிடலாமா?" என்று கேட்டார்.

ஃபிட்டர் இளையவளைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். பதினைந்து ஆரஞ்சுச் சட்டைகளும் திரும்பிப் பார்த்தன. நாக்கை நீட்ட வேண்டியவர்களில் அவள் ஒருத்திதான் பாக்கி.

இளையவள் படத்துக்கு நேராகப் போய் நின்றாள். இரண்டு உதட்டையும் உள்ளே மடித்து, பல்லால் கடித்து, வாயை இறுக மூடிக்கொண்டாள்.