வீட்டுக்காரம்மாவின் பெயர்

வேணுகோபால் காலையிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. கேட்டுக்கு வெளியே கேமராவோடு இரண்டு பேர் நின்றார்கள். யூடியூப் சேனலாம். சினிமாவில் இதழினி என்ற பெயரில் நடிப்பவளின் அப்பா அம்மா பெரம்பலூரில் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள் என்று எவனோ சொல்லிவிட்டானாம்.

மகள் நடிக்கப் போனபோது அவர் இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. உடையார்பாளையத்துச் சொந்தங்களின் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாள் என்ற கோபம். பிறகு சமாதானமானபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்கப்பா. நீங்க வச்ச பேரு மட்டும் எனக்குன்னு இருக்கட்டும்." அதை யாரிடமும் சொல்வதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கிலிருந்து அவர் பிசகியதாக யாரும் சொன்னதில்லை.

வெயிலில் நிற்கிறார்களே என்று தண்ணீர் கொண்டுபோன மனைவி கிருஷ்ணம்மாள் பேச்சில் மாட்டிக்கொண்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் மகளின் நிஜப் பெயரைக் கேட்டு மைக் அவள் வாயருகே இருந்தது.

"பாப்பான்னுதாங்க கூப்புடுவோம். என் மாமியா பேர வச்சிட்டாங்க. அத நான் எப்படிங்க வாயால சொல்றது?"

வேணுகோபால் வேகமாக அவள் பக்கத்தில் வந்து நின்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. அதனால்தான் பிள்ளை பாப்பாவாகவே வளர்ந்தாள். இப்போது கிருஷ்ணம்மாளே மறைப்பதாக நினைத்துக்கொண்டு பாதியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மைக் அவர் பக்கம் திரும்பியது. "ஐயா, உங்கம்மா பேரு என்னங்க? ஜனங்கதான உங்க பொண்ண இவ்ளோ பெரிய ஆளாக்குனாங்க. தெரிஞ்சுக்க உரிமை இல்லீங்களா?"

எங்கே போனாலும் குஞ்சம்மாள் மகன் என்று சொல்லிக்கொள்பவர் அவர்.

"சுந்தராம்பாள்" என்றார். கிருஷ்ணம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

மைக் பிடித்தவன் நிமிர்ந்தான். வாசல் நிலைக்கு மேலே கருங்கல்லில் தங்க நிற எழுத்து: குஞ்சம்மாள் இல்லம். வேணுகோபால் கூடவே நின்று வெட்டச் சொன்ன எழுத்து.

"அப்ப குஞ்சம்மாள் யாருங்க?"

எதிர்வீட்டு மணிவண்ணன் ஸ்கூட்டர் துடைப்பதை நிறுத்திவிட்டான். இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து பார்த்தவன்.

"வூட்டுக்காரம்மா" என்றார் வேணுகோபால். "நாங்க வாடகைக்கு இருக்கோம்."

சொல்லும்போதும் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. வாயைத் திறந்த மணிவண்ணன் அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். மைக் பிடித்தவன் முகத்தில் பெயரைவிடப் பெரிய சரக்கு கிடைத்த சந்தோஷம்.

மறுநாள் வீடியோ வந்தது. கோடிகளில் நடிகை, வாடகை வீட்டில் பெற்றோர் என்று தலைப்பு. பெற்றவர்களைத் தவிக்கவிட்டவள் என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவளைத் திட்டியிருந்தார்கள். உடையார்பாளையத்திலிருந்து தம்பி கலைச்செல்வன் போன் செய்து, வீட்டை எப்போது விற்றீர்கள் என்று கேட்டான். வேணுகோபால் போனை வைத்தார். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். மகள் கூப்பிட மாட்டாளா என்றும் இருந்தது, கூப்பிட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது.

சாயங்காலம் கூப்பிட்டாள்.

"என்னப்பா, வாடகையெல்லாம் ஒழுங்கா குடுக்குறீங்களா?"

அவர் வாசலில் நின்று கல்லை அண்ணாந்து பார்த்தார்.

"வூட்டுக்காரம்மா நல்லவங்க, பாப்பா" என்றார். "எதையும் கேக்குறதில்ல."