காலிக் கட்டம்

மொழியை மாற்றலாம் என்று மேனேஜர் முடிவெடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிகளில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் மெஷினுக்கு நாங்கள்தான் புரோகிராம் எழுதுகிறோம். பதினோரு வருடமாக அது ஒரு பழைய கம்ப்யூட்டர் மொழியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மொழி தெரிந்தவர்கள் கம்பெனியில் இரண்டே பேர். ஒருவர் வேலையை விட்டுப் போனார், மிஞ்சியது நான்.

"பழசுக்கு ஆள் தேடித் தேடி நாக்கு தள்ளிடுச்சு. புது மொழின்னா நாளைக்கே பத்து பேர் வந்து நிப்பாங்க," என்றார் மேனேஜர்.

அதில் பொய் இல்லை. பத்துப் பேர் வந்தார்கள், மூன்றே மாதத்தில் எழுதியும் முடித்தார்கள். சோதித்துப் பார்த்தது நான். பழைய மொழி ஒரு சிடுமூஞ்சி. நோயாளியின் எடையை வைத்துத்தான் மருந்தின் அளவு; அதைப் போடாமல் கட்டத்தைக் காலியாக விட்டால் அங்கேயே நின்றுவிடும், மெஷின் கத்தும். புது மொழி பரம சாது. காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று தானே எடுத்துக்கொண்டு, பூஜ்யம் அளவு மருந்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். திரையில் எல்லாம் சரி என்று காட்டும்.

மேனேஜரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

"எடை போடாம எந்த நர்ஸ்மா மெஷினை ஓட்டப் போறாங்க?"

"இந்த மாதிரி இன்னும் எத்தனை இடம் இருக்கோ சார். தேடிப் பாக்க ஒரு மாசம் குடுங்க."

"அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். சோதிச்சாச்சு, எல்லாம் சரின்னு கையெழுத்து போடுங்க."

போட்டுத் தொலைத்தேன். அன்று காலைதான் அம்மாவை இதய வார்டில் சேர்த்திருந்தோம். ரத்த அழுத்தம் அடியோடு விழுந்துவிடாமல் நரம்பில் ஏறும் மருந்துதான் தாங்கிப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்தில் வாதாடத் தெம்பில்லை.

அடுத்த வாரம், சாப்பாட்டு நேரத்தில் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, அம்மாவுக்குப் புது மெஷின் வெச்சிருக்காங்க, உங்க கம்பெனிதுதான். சத்தமே இல்ல, நர்ஸுக்கு ஒரே சந்தோஷம்."

"பழசு சத்தம் போட்டுச்சா?"

"ஒவ்வொரு தடவையும். மொதல்ல ஸ்டார்ட்டை அழுத்திடுவாங்களாம், அது கத்தினப்புறம்தான் வந்து எடையைப் போடுவாங்களாம். வருஷக்கணக்கா அதுதான் பழக்கமாம்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"இன்னிக்கு எடை போட்டாங்களாடி?"

"யாரும் கேக்கலயே."

"எத்தனை மணிக்கு மாட்டினாங்க?"

"காலைல ஏழு மணிக்கு."

மணி ஒன்றரை.

"அம்மா என்ன பண்றாங்க?"

"அசந்து தூங்கறாங்கக்கா. நான் கூப்பிட்டாக்கூட எழுந்திரிக்கல."