மந்தம் என்று ஒரு சான்றிதழ்

எங்கள் சைகோனில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், பிள்ளை உட்காரும் இடத்தில்தான் பெற்றவர்களும் உட்கார வேண்டும். யார் பிள்ளை என்ன லட்சணம் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். என் மகள் தியெப்புக்குக் கடைசி வரிசை, ஜன்னலோரம். மூன்றாம் வகுப்பு. சத்தம் போட மாட்டாள், யாரையும் அடிக்க மாட்டாள். கணக்குப் போடும்போது பாதியில் எங்கோ போய்விடுவாள், அவ்வளவுதான். பள்ளிச் சீருடையோடு கழுத்தில் கட்டும் சிவப்புத் துணியை எத்தனை முறை தொலைத்தாள் என்று கேட்காதீர்கள்.

போன மாதம் லுயென் டீச்சர் என்னை வாசலில் நிறுத்தினார்.

"தியெப் அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆஸ்பத்திரியில மந்த புத்தின்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க. அவ மார்க்கை வகுப்பு சராசரியில சேர்க்க மாட்டாங்க. நம்ம வகுப்பு முதல்ல வந்துடும்."

"சரிங்க" என்றேன். சரிங்க சொல்லிச் சொல்லியே என் நாக்கு தேய்ந்துவிட்டது. வீட்டில் என் கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேப்பர்தானே, வாங்கிக் குடுத்துத் தொலை."

ஆஸ்பத்திரியில் தியெப்போடு டாக்டர் வெகுநேரம் பேசினார், விளையாட விட்டார். பிறகு என்னை அழைத்தார்.

"பொண்ணு மந்தமில்லைம்மா, நல்ல சூட்டிகை. கவனம்தான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. ஓடி ஆடுற பிள்ளைன்னா சீக்கிரம் தெரிஞ்சுடும். இவ சும்மா உக்காந்திருக்கா, அதான் யார் கண்ணுலயும் படல. முன்னாடி உக்கார வைக்கச் சொல்லுங்க. ஒரு நேரத்துக்கு ஒரு வேலை சொல்லுங்க. மறந்தா மறுபடி சொல்லுங்க."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒன்றுமே தோன்றவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கின் பின்னால் தியெப் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். நான் உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

கூட்டத்தன்று டாக்டர் கொடுத்த சான்றிதழை நீட்டினேன். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல மந்தம்னு இல்லையே. கவனக் குறைபாடுன்னா மார்க்கைக் கழிக்க மாட்டாங்க. வேற டாக்டரைப் பாருங்களேன்."

"முன்னாடி உக்கார வைக்கச் சொன்னாங்க, டீச்சர்."

"முன் வரிசை நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்கு. போய் உங்க இடத்துல உக்காருங்க, நேரமாச்சு."

போனேன். ஆனால் கடைசி வரிசைக்கு அல்ல. முதல் பெஞ்சில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

சட்டையை மடிப்புக் கலையாமல் உள்ளே சொருகிய ஒருவர் வந்து நின்றார். "இது என் பையன் இடம்ங்க."

"தெரியும்."

"உங்க இடம் பின்னாடி."

"தெரியும்ங்க."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் என்னைக் கூப்பிட்டார், மறுபடியும் கூப்பிட்டார். காதில் விழுந்தது. கோபமில்லை, வெட்கமில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையனின் அப்பா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போய், தியெப்பின் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தார்.

டீச்சர் தேர்வு விவரங்களைச் சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து அந்த அப்பாவின் குரல் வந்தது.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். கவனிக்கல. வெளிய ஏதோ வண்டி, அதைப் பாத்துட்டிருந்துட்டேன். என்ன சொன்னீங்க?"

"பரவாயில்லைங்க" என்று சிரித்த டீச்சர், அவருக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து, நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னார்.

என் தியெப்புக்கு ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருப்பாரா? அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.