‘காட்டப்பட்டது’ என்ற வரி

சுகிர்தாவின் முன் நீட்டிய தாளில் மூன்றே வரிகள். செவ்வாய்க்கிழமை காலை 11.42-க்கு இரண்டாம் உலையில் சூடு எல்லை தாண்டியது. உடனே கணினித் திரையில் எச்சரிக்கை காட்டப்பட்டது. ஆபரேட்டர் தேசப்பன் ஏழு நிமிடம் அதைக் கவனிக்கவில்லை.

"உன் சாஃப்ட்வேர் லாக்ல இருக்கிறதத்தான் டைப் பண்ணியிருக்கோம். கீழ ஒரு கையெழுத்து போடு, போதும்" என்றார் மேலாளர் வசந்தகுமார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயின்டுக்கான பிசின் காய்ச்சும் அந்தத் தொழிற்சாலையில் கணினி வேலை மொத்தமும் சுகிர்தா ஒருத்தியின் தலையில்தான். எச்சரிக்கை மென்பொருளை எழுதியவளும் அவளே. உலை அளவுக்கு மீறிச் சூடேறினால் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வரும். வேறு எது திறந்திருந்தாலும் அதற்கு மேலேதான் நிற்கும். அப்படித்தான் எழுதியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சிவப்பை யாரும் பார்க்கவில்லை. பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து, கண்ணைக் கரிக்கும் புகை வெளியெல்லாம் பரவியது. எல்லோரும் கேட்டை நோக்கி ஓட, தேசப்பன் மட்டும் புகைக்குள் போய், உலையைச் சூடாக்கும் கொதி எண்ணெய்க் குழாயின் வால்வைக் கையாலேயே திருகி மூடினார். வலது கை முழங்கை வரை வெந்துபோனது. மறுநாள் அவரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று தாளை வாங்கிக்கொண்டாள் சுகிர்தா.

அன்று மாலை ஆரம்பாக்கத்தில் ரயிலைவிட்டு இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகாமல் தேசப்பன் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே அவர் மனைவி முத்தம்மா மறித்துக்கொண்டாள்.

"உன் கம்ப்யூட்டருதானம்மா அவர மாட்டி உட்டுச்சு? இன்னும் இன்னா வோணும்?"

"உள்ள உடு முத்தம்மா" என்றார் தேசப்பன், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி. "நான் தூங்கலமா. ஸ்க்ரீனையேதான் பாத்துக்கினு இருந்தேன். அந்தப் பச்ச போர்டுதான் இருந்துச்சு, இன்னிக்கு இத்தினி டன், பாக்கி இத்தினி டன்னு. ஒரே ஒரு தபா பளிச்சுனு இன்னாவோ மின்னுச்சு. டியூப் லைட்டுன்னு நெனச்சிக்கினேன்."

அந்த மின்னலைச் சுகிர்தாவும் பார்த்திருக்கிறாள்.

பச்சை போர்டு இரண்டு மாதத்துக்கு முன் தலைமை அலுவலகம் அனுப்பிய மென்பொருள். அதையும் எப்போதும் மேலே நிற்கும்படிதான் எழுதியிருந்தார்கள். போதாக்குறைக்கு, யாராவது தன்மேல் வந்துவிட்டார்களா என்று நொடிக்கு ஒருமுறை பார்த்துத் தன்னை மேலே ஏற்றிக்கொள்ளும். போர்டு வந்த புதிதிலேயே, சோதனையின்போது சிவப்புக் கட்டம் மின்னி மறைந்ததைப் பார்த்து அவள் வசந்தகுமாரிடம் வாயால் சொல்லியும் இருந்தாள். "ஹெட் ஆபீஸ் சமாச்சாரம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். எழுதி எதுவும் கொடுக்கவில்லை.

மறுநாள் தன் கணினியில் இரண்டையும் மோதவிட்டாள். முதலில் ஜெயித்துவிடலாம் என்றே நினைத்தாள். தன் கட்டம் நொடிக்கு இரண்டு முறை மேலே ஏறும்படி மாற்றினாள். பச்சையும் சிவப்பும் மாறிமாறித் துடித்தனவே தவிர ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. இரண்டு நிரல்கள் ‘நான்தான் மேலே’ என்று கேட்டால் விண்டோஸ் இரண்டுக்கும் சரி என்கிறது. கடைசியாகக் கேட்டதை மேலே வைக்கிறது. அவ்வளவுதான் அதன் நியாயம்.

பிறகு தன் மென்பொருள் நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவேடான லாகைத் திறந்தாள். "11.42: காட்டப்பட்டது." உண்மையில் அவள் நிரலுக்குத் தெரிந்ததெல்லாம், காட்டச் சொல்லிக் கட்டளை போனது என்பது மட்டும்தான். அது கண்ணுக்குத் தெரிந்ததா என்று எங்கேயும் அவள் பார்க்கவே இல்லை. தான் யோசிக்காமல் தட்டிய ஒற்றைச் சொல் ஒரு மனிதனின் வேலையைத் தின்னப் பார்க்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது கோபமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை விசாரணை. வசந்தகுமாரும் தலைமை அலுவலக அதிகாரி துளசிராமனும் உட்கார்ந்திருக்க, தேசப்பனைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். சுகிர்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கண்ணா."

வசந்தகுமார் முறைத்தார். அவள் கண்டுகொள்ளாமல் இரண்டு மென்பொருளையும் புரொஜெக்டர் வழியாகச் சுவரில் விழும்படி ஓடவிட்டாள்.

"இப்போ சூட்டை ஏத்துறேன் சார். சிவப்பு தெரிஞ்சா கையத் தூக்குங்க."

எதுவோ ஒருமுறை பளிச்சென்றது. பிறகு பச்சை போர்டு மட்டும். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். ஒரு கையும் எழவில்லை. அவள் லாகைத் திறந்து காட்டினாள். "காட்டப்பட்டது" என்றிருந்தது.

"அப்போ உன் ப்ரோகிராம்தான் தப்பு" என்றார் வசந்தகுமார்.

"ஆமா சார். என் ரிப்போர்ட்ல மொத வரியே அதுதான்." தான் எழுதிவந்த தாளை மேசைமேல் வைத்தாள். "போர்டப் பத்தி உங்ககிட்ட சொன்னதும் ரெண்டாவது வரில இருக்கு. நீங்க குடுத்த தாள்ல கையெழுத்து போட மாட்டேன்."

"மெமோ வரும்."

"வரட்டும் சார். அதுக்கும் இதே பதில்தான்."

துளசிராமன் குறுக்கிட்டார். "எங்க போர்டுக்கு மேல நிக்கிற மாதிரி மாத்திக்க முடியாதாம்மா?"

"மாத்தலாம் சார். நாளைக்கு இன்னொண்ணு அனுப்புவீங்க. அது எல்லாத்துக்கும் மேல ஏறும்." அவள் குரல் உயர்ந்தது. "உசுரு சமாச்சாரம் சார் இது. ஒரு ஸ்க்ரீன்ல எடத்துக்கு அடிச்சிக்கினு இருக்க முடியாது."

தேசப்பன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

திங்கட்கிழமை சஸ்பென்ஷன் ரத்தானது. கையில் கட்டோடு தேசப்பன் கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார். அன்றைக்கே சுகிர்தாவுக்கு மெமோவும் வந்தது: மேலதிகாரிகளிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதற்கு. "பேசியது உண்மை. மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை" என்று இரண்டு வரியில் பதில் எழுதிக் கொடுத்தாள்.

கொடுத்த கையோடு எலக்ட்ரீஷியன் இம்மானுவேலைக் கூட்டிக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்குப் போனாள். உலையின் சூடு பார்க்கும் கருவியிலிருந்தே நேராக வயர் இழுத்து, சுவரில் ஒரு சிவப்பு விளக்கும் சங்கும் மாட்டினார்கள். நடுவில் கணினியே கிடையாது. வசந்தகுமார் வந்து நின்றார்.

"யாரு பர்மிஷன் குடுத்தா?"

"யாரும் குடுக்கல சார். கழட்டணும்னா எழுத்துல குடுங்க. இப்பவே கழட்டிடறேன்."

அவர் விளக்கைப் பார்த்தார், தேசப்பனின் கையைப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார். இம்மானுவேல் சங்கை ஒருமுறை ஊதவிட்டான். கேட்டருகே லாரியில் டிரம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுத்தில் இதுவரை எதுவும் வரவில்லை.