நாலு மூலை

முட்டத்து ரெஜிஷாவும் கருங்கல் ரெஜிலாவும் சேர்ந்து செய்த கடைசி வருஷ புராஜெக்ட் எளியது. மணலில் சரிந்து கிடக்கும் படகின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து, அதன் நாலு மூலைகளையும் மவுஸால் க்ளிக் செய்தால், கம்ப்யூட்டர் பலகையை நிமிர்த்திக் காட்டும். மேல், வலது, கீழ், இடது என்று கடிகாரம் சுற்றும் வரிசையில் போக வேண்டும். மாறினால் படம் முறுக்கிக்கொள்ளும்.

ரெஜிஷாவின் கை மேல், கீழ், இடது, வலது என்றே போனது. ஒரு வாரம் கழித்து ரெஜிலா கண்டுபிடித்தாள்.

"ஏட்டி, நீ க்ளிக் பண்ணுதியா, குருசு வரையுதியா?"

நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று, லத்தீன் கத்தோலிக்க வீட்டில் சிறு வயதிலிருந்தே சிலுவை போட்டுப் பழகிய கை. பயம் வந்தால் தானாக ஓடும்.

"உங்க சி.எஸ்.ஐ. சபையில இந்தத் தொல்லை இல்லியா?"

"ஜெபத்துக்கு எங்களுக்குக் கண்ணை மூடினா போதும். நீ திறந்து வச்சு க்ளிக் பண்ணு, மக்கா."

க்ளிக் செய்யும் பகுதி ரெஜிஷாவுடையது. தேர்வன்று அவளேதான் செய்துகாட்ட வேண்டும். தோற்றால் ஆறு மாதம் காத்திருக்கணும்; சென்னையில் கிடைத்த வேலை போய்விடும்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஞானசிங் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். கை ஓடியது. திரையில் 'சகாய மாதா' என்ற படகின் பெயர் மிட்டாய்க் காகிதம்போல முறுக்கி நின்றது.

"இதென்னம்மா?"



"வரிசை மாறினா எப்படிக் கெட்டுப்போவும்னு முதல்ல காட்டுதோம் சார்," என்றாள் ரெஜிலா.

"காட்டியாச்சில்லா. இனி சரியானதைக் காட்டுங்க."

ரெஜிஷா வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மவுஸை இடது பக்கம் இழுத்தாள். இடது கைக்குச் சிலுவை தெரியாது. எழுதப் பழகும் பிள்ளைபோல மேல், வலது, கீழ், இடது என்று போனது. பலகை நிமிர்ந்தது.

"நீ இடதுகைக்காரியா?"

"ஆமா சார்." இவ்வளவு உறுதியாக அவள் இதுவரை எதையும் சொன்னதில்லை.

"எனக்க மகளும் அப்படித்தான்." சந்தோஷமாக மார்க்கைப் போட்டார். பதிவேட்டை அவளுடைய இடது பக்கமாக நகர்த்தி, பேனாவையும் அந்தக் கையிலேயே கொடுத்தார். "ஒப்புப் போடும்மா."

போட்டாள். அவள் பெயர் கட்டத்தைத் தாண்டி ரெஜிலாவின் பெயர்மேல் ஏறிப் படுத்தது.

ஞானசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"இது எந்த பாஷை?"

"லத்தீன் சார்," என்றாள் ரெஜிலா.