ஊதாக் கோடு

அன்னம்மாள் இல்லாத கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மையைக் கரைக்கும் தின்னரில் நனைத்த பஞ்சு அவள் விரல் நுனிகளை வெளுக்க வைத்திருந்தது. ஷூவின் வெள்ளைத் தோலில் அவள் கண்ணுக்கு எந்தக் கோடும் தெரியவில்லை. ஆனால் துடைத்ததைக் கொண்டுபோய் நீட்டினால், பூவரசன் தன் புதுப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஊதா இன்னும் இருக்கும்மா" என்று திருப்பித் தந்தார். மறுபடியும் துடைத்தாள். தோலின் பளபளப்புதான் போயிற்று.

வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சரக்கைச் சோதித்துப் பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறவர் பூவரசன். ஆம்பூரின் அந்த ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்தோலான வெள்ளை அப்பர்களின் விளிம்புக்குக் கறுப்பு மை தீட்டுவது பெண்களின் வேலை. மை வெள்ளைக்குள் ஊதாவாகக் கசிந்திருக்கிறது என்று சொல்லி மொத்த லாட்டையும் அவர் நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் இருதயராஜ் அதற்குமேல் யோசிக்கவில்லை. காலையிலேயே மைக்கைப் பிடித்து, வேலையில் கறை இருக்கிறது, மை டேபிளில் இருந்த அத்தனை பெண்களும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான்.

அன்னம்மாளின் மகள் சௌந்தர்யாவுக்கும் அதே கம்பெனியில் செக்கிங்கில் வேலை. வாணியம்பாடியில் இயற்பியல் படித்தவள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. படித்துவிட்டு ஷூவில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற எரிச்சல் அவளுக்குக் காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடும். இன்றைக்கு அந்த எரிச்சலுக்கு ஒரு முகம் கிடைத்திருந்தது.

பூவரசன் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்தப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். கறுப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் ஊதாக் கோடு மெல்லியதாக, பொய் சொல்லாத மாதிரி நின்றது. அம்மாவுக்கு வயசாகிவிட்டதா? கை நடுங்குகிறதா? அப்பரை நகர்த்தினாள். லென்ஸின் நடுவே வந்தபோது கோடு மங்கியது, ஓரத்துக்குப் போனதும் தடித்தது. செக்கிங் மேசையில் அப்பரை எப்போதும் அதன் மூக்கு முனை இடப்பக்கம் இருக்கும்படிதான் வைப்பார்கள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வந்த பழக்கம். அவள் வலப்பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஊதா இருந்த இடத்தில் இப்போது ஆரஞ்சு தெரிந்தது. மை கசிந்திருந்தால், திருப்பி வைத்தாலும் அதன் நிறம் மாறாது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடினாள். காலேஜ் பிராஜக்டுக்காகக் காயலாங்கடையில் வாங்கிய உடைந்த பைனாகுலர் பரண்மேல் கிடந்தது. கண் வைக்கும் பக்கத்துக் குழலை மட்டும் திருகி எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"சார், திருப்பி வெச்சா இந்த மை கலர் மாறுது" என்றாள், பூவரசனின் முன்னால் போய் நின்று.

"ஏம்மா, உன் டேபிளுக்குப் போ" என்று இருதயராஜ் குறுக்கே வந்தான். "படிச்ச திமிரு."

"ஆமா சார், படிச்சதுதான். இன்னா பண்றது, திருப்பிக் குடுக்க முடியாதே."

மை டேபிளிலிருந்து ஷஹீன் பானு கொக்கரித்துச் சிரித்தாள். பூவரசன் கையை நீட்டினார். அவள் காட்டியபடி அப்பரைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார். சௌந்தர்யா டிபன் சுற்றி வந்த தினசரித் தாளை எடுத்து அவர் லென்ஸுக்கு அடியில் வைத்தாள். தலைப்பு எழுத்துகளின் ஓரமெல்லாம் ஊதாவும் ஆரஞ்சும்.

"பேப்பருக்கும் எங்கம்மாதான் மை அடிச்சாங்களா சார்?"

அவர் முகம் சிவந்தது. "சரி, கண்ணாடிக் கோளாறுன்னே வெச்சுக்குவோம். கசிவு இல்லைன்னு நான் எப்படி எழுதித் தர்றது?"

"இதுல பாருங்க." பைனாகுலர் குழலை நீட்டினாள். "உங்களுது ஒத்தக் கண்ணாடி. வெளிச்சம் அதுல வளையும்போது எல்லாக் கலரும் ஒரே மாதிரி வளையாது. ஊதா ஜாஸ்தி வளையும், சிவப்பு கம்மியா வளையும். அதான் ஓரத்துல பிரிஞ்சி நிக்குது. இதுல உப்புன கண்ணாடியும் குழிஞ்ச கண்ணாடியும் ஒண்ணா ஒட்டியிருக்கு. மொதல்ல இருக்கறது பிரிக்கிற கலரை ரெண்டாவது எதிர்ப்பக்கமா இழுத்து சேர்த்துடும். பெருசா காட்டுறது மட்டும் மிச்சம் நிக்கும்."

"ரெண்டும் ஒரே கண்ணாடிதானே?"

"இல்ல சார், ரெண்டும் வேற வேற ஜாதி. ஒரே ஜாதின்னா, கலரைச் சேர்க்கறதுக்குள்ள பெருசா காட்டுறதும் போய்டும்."

பூவரசன் குழலைக் கண்ணில் வைத்தார். நடுவில், ஓரத்தில், திருப்பி வைத்து. வேறொரு அப்பர், அப்புறம் இன்னொன்று. தையல் மெஷின்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. எல்லோரும் எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிளேடால வெட்டுன மாதிரி இருக்கு" என்றார் கடைசியில். "கசிவே இல்ல. லாட் போகலாம். தின்னர் போட்டுத் துடைச்சது மட்டும் தனியா எடுத்து வைங்க. அது என் தப்பு."

ஷஹீன் பானு அன்னம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, பொண்ணா பெத்த நீ? வக்கீலைப் பெத்துட்ட!"

"சரி சரி, லைன் ஓடட்டும், உக்காருங்க" என்று இருதயராஜ் கையைத் தட்டினான்.

யாரும் உட்காரவில்லை. அன்னம்மாள் பிரஷைக் கையில் எடுத்தாள். ஆனால் நின்றுகொண்டே இருந்தாள்.

"எங்க வேலையில கறை இருக்குதுன்னு காலையில மைக்குல சொன்னீங்களே சார்" என்றாள் இருதயராஜிடம். குரல் உயரவில்லை. "இல்லன்னும் அதுலயே சொல்லுங்க. உக்கார்றோம்."

சௌந்தர்யா அம்மாவைப் பார்த்தாள். இந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. பூவரசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இருதயராஜைப் பார்த்தார். இருதயராஜ் மெதுவாக நடந்து தூணருகே போனான். மைக்கின் சுவிட்சைத் தட்டினான். கூரை முழுக்க ஸ்பீக்கர்கள் கரகரத்தன. அவன் தொண்டையைச் செருமுவது ஷெட்டின் கடைசி மெஷின்வரை கேட்டது.

அன்னம்மாளின் பிரஷ் நுனியில் கறுப்பு மை ஒரு சொட்டாகத் திரண்டு, விழாமல் நின்றது.