சுல்மா பார்க்காத இருபத்தாறு நிமிடம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் படம் பார்ப்பதெல்லாம் மனிதர் செய்யும் வேலையா என்று சுல்மா எட்செவெரி முப்பத்தெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. படம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. உருகுவேயின் தலைநகர் மொந்தேவிதேயோவில் வியாழன்தோறும் ஐந்தாறு புதுப்படங்கள் வெளியாகும். திங்களும் செவ்வாயும் பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் முன்கூட்டியே போட்டுக் காட்டுவார்கள். பார்த்து, எழுதி, புதன் மாலைக்குள் கொடுத்துவிட்டால் மறுநாள் காலை அச்சில் வந்துவிடும். அதற்குள் அடுத்த திங்கள் வந்து நிற்கும். அறுபத்து மூன்று வயதில் அவளுக்கு அலுப்பு முட்டியிலும் இருந்தது, மனதிலும் இருந்தது. எதில் அதிகம் என்று கேட்டால் மனதில்தான் என்பாள்.

அந்தத் திங்களுக்கு முந்தைய மூன்று நாளில் ஒரு திரைப்பட விழாவில் அவள் ஏழு படம் பார்த்திருந்தாள். ஜூலைக் குளிர் வேறு; அந்த நாட்டில் அப்போதுதான் குளிர்காலம். அரங்கில் மொத்தமே எட்டுப் பேர். ஹீட்டருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

படம் லீபெர் ஒலஸ்கோகாவினுடையது. அவனுக்கு இது நாலாவது படம்; எடுத்து முடிக்க ஒன்பது வருடம் ஆகியிருந்தது. முதல் மூன்றையும் சுல்மா வறுத்தெடுத்திருந்தாள். இந்தப் படத்தில், இறந்துபோன அண்ணன் வீட்டைக் காலி செய்ய ஒரு விதவை பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். கதவைத் திறக்கிறாள். சமையலறைக்குப் போய் விளக்கைப் போடுகிறாள். ‘ஒளி நன்று’ என்று சுல்மா இருட்டிலேயே நோட்டில் கிறுக்கி, பக்கத்தில் வழக்கம்போல் நேரமும் போட்டாள்: 10.31. அதன்பின் அவள் கண்ட காட்சி, அந்த விதவை பழைய சாமான் வியாபாரியிடம் கட்டிலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தில் 10.57.

முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு நாள் கூட அவள் தூங்கியதில்லை. மோசமான படங்களுக்கும் தூங்கியதில்லை. கோபம் அவளை விழிக்க வைத்துவிடும். இந்தப் படத்தில் கோபப்பட ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கடைசிக் காட்சியில் விதவை வீட்டைப் பூட்டி, சாவியை யாரோ ஒரு பெண் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். யார் அந்தப் பெண்? எதற்குச் சாவி? சுல்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கு எரிந்ததும் கைப்பையைத் துழாவுவதுபோல் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் வழக்கப்படி ஓமர் பெந்தன்கோருடன் எதிர்க்கடைக்குக் காப்பி குடிக்கப் போனாள். ஓமர் இன்னொரு பத்திரிகையின் விமர்சகர். எல்லாப் படத்துக்கும் நல்ல வார்த்தை சொல்லிவிடுகிற மனிதர். இந்த ஊர் விமர்சகர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அச்சில் வரும்வரை பார்த்த படத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசக்கூடாது. ஒருத்தர் கருத்து மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதாம். இந்தச் சட்டத்தைப் போட்டவர்களில் சுல்மாவும் ஒருத்தி. அன்றைக்கு அதை நினைத்து நொந்துகொண்டாள்.

“ரொம்பச் சின்னப் படமா இருந்துச்சு, இல்ல?” என்று மெல்லத் தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

“ஏய், என்ன புதுப் பழக்கம்? வியாழக்கிழமை பேசிக்கலாம். உன் முட்டி எப்படி இருக்கு, அதைச் சொல்லு” என்றார் ஓமர்.

அவள் முட்டியைப் பற்றிச் சொன்னாள்.

விநியோகஸ்தரின் ஆளைக் கூப்பிட்டு, படத்தைக் கணினியில் பார்க்க அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம்தான். கேட்டால், ஏன் என்பான். சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கச் சிரிக்கும். ஒரு காலத்தில், பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டு முழுப் படத்துக்கும் விமர்சனம் எழுதிய ஒருவரைத் தன் பத்தியிலேயே பெயர் போட்டுக் கிழித்தவள் அவள். அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கேயும் எழுதவில்லை. போதாக்குறைக்கு அவளுடைய பத்திரிகையில் ஃபக்குண்டோ என்று புது ஆசிரியர் வந்திருந்தான். வாரம் ஒரு தடவையாவது அவள் மேசைப் பக்கம் வந்து, “சுல்மா, இப்பெல்லாம் விமர்சனத்தை யாரு படிக்கிறாங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்பான். அவனுக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

இவ்வளவும் சரி. ஆனால் எழுதாமல் விட்டிருக்கலாமே? அதையும் அவள் யோசித்தாள். லீபெரின் படம் ஓடுவது ஒரே அரங்கில், ஒரு நாளைக்கு ஒரு காட்சி. சுல்மாவின் பத்திரிகையில் ஒரு வரி வராவிட்டால் அப்படி ஒரு படம் வந்ததே தெரியாமல் போய்விடும். அதனால் செவ்வாய் மதியம் உட்கார்ந்து எழுதினாள். விதவையாக நடித்தவளைப் பாராட்டினாள். ஒளிப்பதிவைப் பாராட்டினாள். எல்லாம் பாராட்டாகவே இருந்தால் சுல்மா எழுதியதுதானா என்று சந்தேகம் வருமே என்று, பழகிய கை தானாக இரண்டு வரி சேர்த்தது: ‘நடுவில் படம் படுத்துவிடுகிறது. கடைசியில் சாவியை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கொடுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.’ படுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினாள்.

வியாழன் காலை எட்டு மணிக்கு ஓமர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“இப்பப் பேசலாமில்ல? ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு? நடுவுல படுத்துருச்சுன்னு எழுதியிருக்க. அந்தச் சமையலறைதானே படமே!”

சுல்மா உட்கார்ந்துகொண்டாள். “எனக்கு அப்படித் தோணல. உனக்கு அதுல என்ன அவ்வளவு பிடிச்சுது?”

“என்னவா? அடுத்த வீட்டுக்காரி கூடமாட ஒத்தாசைக்கு வர்றா. ரெண்டு பேரும் வாயே திறக்கல. சாமான் கழுவுறாங்க, போர்வை மடிக்கிறாங்க. அப்ப அந்த அடுத்த வீட்டுக்காரி எதையும் கேக்காம, தேடாம, நேராப் போயி மேல் தட்டுல ஜாடிக்குப் பின்னாடி இருக்கிற சர்க்கரை டப்பாவை எடுக்கிறா பாரு! தங்கச்சிக்காரி அதைப் பாத்துட்டு நிக்கிறா. எத்தனை வருஷமா அவ அந்த வீட்டுக்கு வந்து போயிட்டிருந்தான்னு அப்பத்தான் அவளுக்குப் புரியுது. எனக்கு அழுகையே வந்துருச்சு. சாவியை அவகிட்ட குடுக்காம பின்ன யாருகிட்ட குடுப்பா? காரணமே இல்லையாம்! நீ தூங்கிட்டியா என்ன?”

அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். சுல்மா சிரித்து வைத்தாள். போனை வைத்தாள். அன்றைக்கும் மறுநாளும் அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. சர்க்கரை டப்பாவைத் தான் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக் காட்சிக்கு அவளே டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். மதியம் இரண்டு காப்பி குடித்திருந்தாள். ஹீட்டருக்கு எட்டாத மூலையாகப் பார்த்து, மேலங்கியைக் கழற்றிவிட்டுக் குளிரிலேயே உட்கார்ந்தாள். அரங்கில் பதினோரு பேர்.

பஸ் வந்தது. கதவு திறந்தது. சமையலறை விளக்கு எரிந்தது. சுல்மா இருக்கையின் நுனிக்கு வந்தாள். எத்தனை காலம் ஆயிற்று, ஒரு காட்சிக்காக இப்படி ஏங்கி உட்கார்ந்து!

அடுத்த நொடி, விதவை பழைய சாமான் வியாபாரியிடம் கட்டிலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் தூங்கிவிட்டோமோ என்று சுல்மா வெலவெலத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். இல்லை. அவள் தூங்கவில்லை. சமையலறைதான் வரவில்லை. கடைசிவரை காத்திருந்தாள். கடைசியில் விதவை வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி என்று ஒருத்தியே படத்தில் இல்லை.

வெளியே வாசலில் லீபெர் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் துண்டுப் பிரசுரம், கக்கத்தில் மாத்தே என்கிற இலைத்தேநீருக்கான வெந்நீர் பிளாஸ்க். தாடி மழிக்காத முகம், தூங்காத கண். அவளைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது; மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கிற ‘தோன்யா’வோடு ஆரம்பித்தான்.

“தோன்யா சுல்மா! நீங்களா? அதுவும் டிக்கெட் எடுத்தா வந்தீங்க? கெட்டுது போங்க, என் மானமே போச்சு!”

“லீபெர், நடுவுல ஒரு பகுதி இருந்துச்சே...”

“எடுத்துட்டேன்!” என்றான் பெருமையாக. “வியாழக்கிழமை காலையில உங்க விமர்சனத்தைப் படிச்சேன். மத்தியானமே எடிட்டர் வீட்டுக்குப் போயிட்டோம். ரெண்டு நாளா தூக்கமில்ல. இன்னைக்குக் காலையிலதான் புதுப் பிரதியைக் கொண்டாந்து அரங்குல குடுத்தோம். சாவியையும் மாத்தியாச்சு, பாத்தீங்களா?”

சுல்மா கேட்டாள்: “ஏன்ப்பா?”

“நீங்க சொன்னீங்களே! அந்தச் சமையலறையை நான் ரொம்பக் காதலிச்சுட்டேன் தோன்யா. சொல்லப்போனா படம் எடுத்ததே அதுக்காகத்தான். ஆனா நம்ம பிள்ளை நமக்குக் கோணலாத் தெரியுமா? யாராவது ஒருத்தர் சொல்லணுமில்ல. மத்தவங்க எல்லாம் பாவம், ஒன்பது வருஷம் கஷ்டப்பட்டான்னு தடவிக் குடுத்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னீங்க.”

பக்கத்தில் பதினோரு பேரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கலைந்து போனார்கள். சுல்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

“நான் தூங்கிட்டேன், லீபெர். திங்கட்கிழமை. சமையலறை விளக்கைப் போட்டதும் தூங்கிட்டேன். கட்டில் பேரத்துலதான் முழிச்சேன். உன் நடுப்பகுதியில ஒரு நிமிஷம் கூட நான் பாக்கல. பாக்காமத்தான் எழுதினேன். அதைத் திரும்பச் சேத்துடு.”

லீபெர் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல வற்றியது. அவள் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டான்.

“நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?”

“என்னத்த?”

“இரக்கப்பட. பதினோரு பேரைப் பாத்துட்டு மனசு கேக்கல, அதானே? நீங்க தூங்குனீங்களாம்! என் முதல் படத்துல மூணாவது காட்சியில மேசை மேல இருந்த கோப்பை இடம் மாறினதைக் கண்டுபிடிச்சு எழுதின ஆளு நீங்க. உங்களுக்குத் தூக்கம்! வெளியில சொல்லிப் பாருங்க, யாராவது நம்புறாங்களான்னு.”

“ஓமரைக் கேளு. அந்த இடத்துல அழுதேன்னு சொன்னாரு.”

“ஓமர் சோப்பு விளம்பரத்துக்கே அழுவாரு.” அவன் குரல் தணிந்தது. “வேணாம் தோன்யா. இருபது வருஷமா உங்க அடியை வாங்கியிருக்கேன். நீங்க பொய் சொல்லமாட்டீங்கங்கிற தைரியத்துலதான் வாங்கினேன். இன்னைக்கு எனக்காக ஒரு பொய் சொல்லி அதைக் கெடுத்துடாதீங்க. புதன்கிழமை வரைக்கும் படம் இருக்கும். அதுக்கு மேல ஓடினா ஓடட்டும்.”

அடுத்த காட்சிக்கு வரப்போகிறவர்களிடம் துண்டுப் பிரசுரம் கொடுக்க அவன் தெருமுனைக்குப் போய்விட்டான். அது வேறு படத்துக்கான கூட்டம் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

சுல்மா சுவரோரம் நின்றாள். வாழ்நாள் முழுக்கக் கண்டிப்பாக இருந்து சேர்த்த பெயர் அது. இன்றைக்கு அவள் உண்மையைச் சொன்னால் அந்தப் பெயரே அதைப் பொய்யாக்கிவிடுகிறது. சமையலறை எங்கேயோ ஒரு எடிட்டரின் கணினியில் கிடக்கிறது. அதை அவனைத் தவிர யாரும் எடுத்துத் திரும்ப வைக்க முடியாது. புதன்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை. ஞாயிறு இதழுக்கு ஏழு மணி வரை எழுதிக் கொடுக்கலாம். அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

“ஃபக்குண்டோ, நாளைக்கு எனக்கு ஒரு சின்ன இடம் வேணும்.”

“எதைப் பத்தி?”

“நான் தூங்கினதைப் பத்தி.”

எல்லாவற்றையும் சொன்னாள்.

“சுல்மா, இதைப் போட்டா நான் உங்களை வச்சுக்க முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அந்த ஆளுகிட்ட நேர்லயே சொல்லிட்டீங்களே. போதாதா? அச்சுல வேற எதுக்கு?”

“நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறான்ப்பா” என்றாள் சுல்மா. “அச்சுல வந்தாத்தான் நம்புவான்.”